கங்கையம்மாள் யாருக்கு அழுதாள்

"மேடம், நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க" என்று அந்தப் பையன் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினான். அவன் கழுத்தில் தொங்கிய அட்டையில் ஜெஃப்ரி என்று இருந்தது. இன்னொரு சர்டிபிகேட் கேட்கப்போகிறான் என்று நினைத்து ஹேமாவதி மடியில் இருந்த ஜிப் பையைத் திறந்து வைத்திருந்தாள். திரையில் தெரிந்ததோ அவளுடைய வீட்டு வாசல். ஷாமியானா, வாடகை நாற்காலிகள், நடுவில் ஐஸ் பெட்டி. பெட்டிக்குள் அவள் புருஷன் கதிரேசன் நெற்றியில் ஒற்றை ரூபாயோடு படுத்திருந்தான்.

அந்த முகத்தை இனிமேல் போட்டோவில்தான் பார்ப்போம் என்று இருந்தவள் நாற்காலியைத் திரைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டாள். கேம்ப் ரோட்டில் நகைக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி இன்சூரன்ஸ் ஆபீஸ், பல்லைக் கிட்டவைக்கும் ஏசி, பின்னால் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் ஜனம், இத்தனைக்கும் நடுவில் அவன் மறுபடியும் செத்துக் கிடந்தான். அது தினகரனுக்காக எடுத்த வீடியோ. கதிரேசனின் தம்பி தினகரன் மஸ்கட்டில் இருந்தான், டிக்கெட் கிடைக்கவில்லை. "கடைசியா முகத்தையாச்சும் காட்டுங்க" என்று போனில் அழுதான். மேற்குத் தாம்பரத்து ஸ்டூடியோக்காரர் கேமராவோடு வந்து சாயங்காலம் வரை எடுத்து, அதை இன்டர்நெட்டில் ஏற்றி, கண்ணீர் அஞ்சலி என்று தலைப்பும் போட்டிருந்தார். ஏற்றினால் ஏற்றிய இடத்தில் கிடக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் உட்கார்ந்து பார்ப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

ஜெஃப்ரி ஓர் இடத்தில் சத்தத்தைக் கூட்டினான். ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த பெண்களில் எதிர்வீட்டுக் கங்கையம்மாளின் குரல் தனியாக மேலே ஏறி வந்தது.

"கைநெறய மாத்திர தின்ன, என் ராசா
காலு வீங்கிக் கெடந்த
நாலு வருசம் நோவு தின்ன, என் ராசா
நாதியத்துப் போன..."

டோக்கனோடு இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். ஜெஃப்ரி வீடியோவைப் பின்னால் இழுத்து அதே இடத்தை இன்னொரு முறை ஓட்டினான்.

"நாலு வருஷம்னு கிளியரா சொல்றாங்க மேடம். கை நிறைய மாத்திரைன்னு சொல்றாங்க. பாலிசி எடுத்து மூணு வருஷம்கூட ஆகல. அப்போ நோயை மறைச்சுத்தானே எடுத்திருக்காரு? ஹெட் ஆபீஸ்ல இதைத்தான் கேக்கறாங்க."

அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. "தம்பி, அது இவருக்கு அழுததில்ல. அந்த அக்கா அவங்க வீட்டுக்காரரை நினைச்சு அழறாங்க. மாரின்னு பேரு. கிட்னி போயி நாலு வருஷம் படுக்கையில கிடந்தாரு."

ஜெஃப்ரி அவளை உற்றுப் பார்த்தான். கெட்ட பையன் இல்லை. ஒருமுறை அவளுக்குத் தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். "மேடம், உங்க ஹஸ்பண்ட் ஃப்யூனரல்ல அவங்க எதுக்கு அவங்க ஹஸ்பண்டுக்கு அழணும்?"

எல்லோரும் அப்படித்தான் அழுவார்கள். யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும் போகிறவள் தன் வீட்டுச் சாவைத்தான் அழுகிறாள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, இது ஒரு விஷயம் என்றே யாரும் நினைத்ததில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பையனுக்கு, டோக்கன் எண் மாறுவதற்குள், இதை எப்படிப் புரியவைப்பது? "அப்படித்தான் தம்பி அழுவாங்க" என்றாள். அவன் எதையோ தட்டச்சு செய்தான். விசாரணை அதிகாரியை இன்னொரு முறை அனுப்புவதாகவும், அந்த அம்மாவிடம் வாக்குமூலம் வாங்கினால் பார்க்கலாம் என்றும் சொன்னான்.

ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறியவள் பாதியில் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றாள். கீழே செங்கல்பட்டு வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் பாகம் செய்யும் கம்பெனியில் கதிரேசன் ஷிப்ட் பார்த்தான். தலைவலிக்குக்கூட மாத்திரை போடமாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் வரிசையில் நின்று, பையைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்து, "கொழம்பு வெச்சிடு, வறுவல் வேணாம்" என்றான். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

வீடு முடிச்சூர்ப் பக்கம். கீழே இரண்டு அறை, மேலே கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் தூண்கள். வீடு கட்டக் கடன் கொடுத்த ஃபைனான்ஸ்காரனே இந்தப் பாலிசியையும் எடுக்கவைத்தான். "நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா கடன் அதோட முடிஞ்சிடும் சார், பொண்ணுக்கு வீடு நிக்கும்" என்று இதே வாசலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுச் சொன்னான். ஒன்று ஆனது. எட்டு மாதமாக அவள் படியேறி இறங்குகிறாள். இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் டாக்டர் சான்றிதழ் என்றார்கள். அதைக் கொடுத்தால் கம்பெனியில் எடுத்த லீவு விவரம். அதையும் கொடுத்தால் சுடுகாட்டு ரசீது. எல்லாவற்றையும் முதல் நாளே கேட்டுத் தொலைத்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? இவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க, ஃபைனான்ஸ்காரன் மட்டும் தவணை தவறியதைத் தவறாமல் எண்ணிக்கொண்டிருந்தான். போன வாரம் இரண்டு பேர் வந்து காம்பவுண்டு சுவரில் சிவப்புப் பெயின்டில் இந்தச் சொத்து ஏலத்துக்கு உரியது என்று எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் பிறந்தால் வீடு கையில் இல்லை.

அன்று சுவரைப் பார்த்துக்கொண்டே அவள், "நானும் போயிட்டா கணக்கு முடிஞ்சிடும்" என்று முணுமுணுத்தாள். ஆத்திரத்தில் வந்த வார்த்தை. உள்ளே இருந்து அதை மகள் சினேகா கேட்டுவிட்டாள். அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. பரண் மேல் இருந்த எலி மருந்தைக் காணவில்லை. புடவைகள் எல்லாம் பூட்டிய பீரோவுக்குள் போயின. பொத்தேரியில் காலேஜ் வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் போன் வரும். "இன்னாம்மா பண்ற?" என்பாள். "சாதம் வடிக்கறேன்டி" என்று சொன்னால் சரி என்று வைத்துவிடுவாள். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுக்காவிட்டால் எடுத்ததும் அழுகைதான்.

ஹேமாவதி தெருவுக்குள் நுழைந்தபோது கங்கையம்மாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பொத்தேரியில் மாணவிகள் விடுதியில் கூட்டிப் பெருக்குகிற வேலை. "ஏமா, போன காரியம் இன்னாச்சு? கீர கீது, எத்துக்கினு போ" என்றாள். ஹேமாவதி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். இவள் வாய் மட்டும் சும்மா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே தாழ்ப்பாளையும் போட்டாள். கதிரேசனைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுமந்தவள் இவள்தான். பதினாறு நாளும் இந்த வீட்டில் உலை வைத்தவளும் இவள்தான். அதெல்லாம் நினைவுக்கு வந்தும் கோபம் இறங்கவில்லை. இரண்டு நாள் எதிர்வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாம் நாள் கங்கையம்மாளே உள்ளே வந்து நின்று, "இன்னா கோவம் என்மேல, அத்தயாச்சும் சொல்லு" என்றபோது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

கங்கையம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அழுததுக்கா துட்ட நிறுத்தி வெச்சிக்கினு கீறானுங்க?"

"ஆமாக்கா."

"அய்யோ, அது என் வூட்டுக்காரனுக்கு அழுததுடி! கதிரேசுக்கு இன்னா நோவு? கல்லு மாரி இருந்தான். எனக்கு வேற பாட்டு தெரியாதே..." நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எங்க வந்து சொல்லணும் சொல்லு. எந்தக் கோர்ட்டுல வேணா சொல்றேன்."

விசாரணை அதிகாரி வெள்ளிக்கிழமை பிற்பகலில் வந்தார். தனசிங் என்று பெயர். போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். முதல் தடவை வந்தபோது தெருமுனை டீக்கடையில் கதிரேசன் குடிப்பானா என்று விசாரித்துவிட்டுப் போனவர்தான். இப்போது ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கங்கையம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து சொன்னாள். மாரிக்குக் கால் வீங்கியது, வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது, கடைசியில் கண் தெரியாமல் அவள் கையைத் தடவித் தடவிப் பார்த்தது, எல்லாம் சொன்னாள். அவர் எழுதுவதைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"எனக்குத் தெரியாதாம்மா? எங்க அம்மா எந்த வீட்டுச் சாவுக்குப் போனாலும் கிணத்துல விழுந்து செத்த என் தங்கச்சிக்குத்தான் அழுவாங்க. தொண்ணூறு வயசுக் கெழவன் செத்துக் கிடப்பான், இவங்க 'என் மொட்டே'ன்னு அழுவாங்க." பேனாவை மூடினார். "ஆனா ஃபைல்ல நான் எப்படி எழுதுவேன்? பணம் வரணும்னு சொல்லிக்கொடுத்துப் பேசறாங்கன்னு ஒரே வரியில அடிச்சிடுவான். வாய்ச் சாட்சி செல்லாது. இந்தம்மா வேற எங்கயாச்சும் இதே பாட்டை அழுத வீடியோ இருக்கா?"

இல்லை. மற்ற சாவுகளில் வீடியோ எடுத்த இடத்திலெல்லாம் சத்தத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார்கள். தனசிங் கடிகாரத்தைப் பார்த்தார். ரிப்போர்ட்டை இன்றைக்கே ஏற்றிவிட வேண்டும், இன்றோடு அவருக்குக் கொடுத்த கெடு முடிகிறது என்றார். அப்புறம் ஹெட் ஆபீஸில் மறுத்துக் கடிதம் அனுப்பிவிடுவார்கள், அதன்மேல் அப்பீல் போட்டு ஆறு மாதமோ ஒரு வருஷமோ என்று தயங்கிச் சொன்னார். ஆறு மாதம் என்றால் இந்த வீட்டில் வேறு யாரோ கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

"இப்ப அழுவாங்க சார்" என்றாள் ஹேமாவதி. "மாரி அண்ணன் பேரைச் சொல்லி அழுவாங்க. அதே பாட்டு, அதே வரி. நீங்க போன்ல எடுத்து அனுப்புங்க."

தனசிங் நிமிர்ந்து பார்த்தார். கங்கையம்மாள் பதறி எழுந்துவிட்டாள்.

"இன்னாடி பேசற? பொணம் இல்லாத வூட்ல ஒப்பாரி வெப்பாங்களா? வெச்சா தேடிக்கினு வரும்டி! வயசுப் பொண்ணு கீற வூடு!"

"அழுக்கா."

"வாணாம் ஏமா. என் வூட்ல அழலாம்னா மருமவ ஏழு மாசம். தோ, ஏரிக்கரைக்கு வேணா வரேன். இந்த வூட்ல மட்டும் வாணாம்."

"ஏரிக்கரையில யாரைக் காட்டி அழுவ? நடிக்கறேன்னு சொல்லுவான். இங்க அண்ணன் போட்டோவை வெச்சி அழு. இந்த வீடு எனக்கு இருந்தாதானே அக்கா அதுல நல்லது கெட்டது? அவர் போனதுக்கு மேல எனக்கு என்ன வரப்போவுது? வரட்டும், வந்தா என்னையே கொண்டுக்கினு போவட்டும்!" குரல் உடைந்து கத்தினாள். கத்தியது தன் குரல்தானா என்று அவளுக்கே பயமாக இருந்தது. பிறகு குனிந்து கங்கையம்மாளின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். "உன் வாயால போனது. உன் வாயாலயே திரும்பி வரட்டும்."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கங்கையம்மாளின் முகம் சுருங்கிப்போனது. எதிர்வீட்டுக்குப் போய் மாலை போட்ட மாரியின் போட்டோவைக் கழற்றி எடுத்துவந்தாள். ஹேமாவதி சாமி அலமாரியின் திரையை இழுத்து மூடினாள். சினேகாவின் துணி ஒன்று கொடியில் தொங்கியது, அதையும் எடுத்துப் பக்கத்து அறையில் போட்டுக் கதவைச் சாத்தினாள். தேடிக்கொண்டு வருவதன் கண்ணில் அது படாமல் இருந்தால் போதும் என்று ஏனோ தோன்றியது.

"உங்க போனை சைலன்ட்ல போடுங்கம்மா" என்றார் தனசிங். "நடுவுல மணி அடிச்சா வீடியோவை வெட்டி ஒட்டினதுன்னு சொல்லுவான்." அவள் போட்டு, போனைக் கவிழ்த்து ஜன்னல் மேடையில் வைத்தாள். அவர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து, தன் போனைத் தூக்கிப் பிடித்து நின்றார். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

முதலில் கங்கையம்மாளுக்கு வரவில்லை. இரண்டு முறை தொண்டையைச் செருமினாள். போட்டோவைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "மாரின்ற என் வூட்டுக்காரர் செத்து ஆறு வருசம் ஆவுது" என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளைபோல ஆரம்பித்தாள். அப்புறம் விரலால் போட்டோக் கண்ணாடியைத் தடவினாள். அவன் தடவினானே, அந்த மாதிரி. அவ்வளவுதான், குரல் பிய்த்துக்கொண்டு வந்தது.

"கைநெறய மாத்திர தின்ன, என் ராசா
காலு வீங்கிக் கெடந்த
கண்ணு ரெண்டும் அவிஞ்சிபோயி, என் ராசா
கையத் தடவிப் பாத்த..."

அந்தக் குரலுக்கு முன்னால் இரண்டு அறை வீடு போதவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. முதலில் ஓடிவந்தவள் பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி. கையில் அரிசி களைந்த ஈரம், வரும்போதே கொண்டை அவிழ்ந்திருந்தது. "அய்யோ, யாரு? யாரு போனது?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் கங்கையம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மூளைக் காய்ச்சலில் போன தன் தம்பியை அழ ஆரம்பித்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி வந்தாள். அவள் பின்னால் மூன்று பேர். வாசலில் செருப்புகள் சேர்ந்தன. ஹேமாவதி ஒவ்வொருத்தியாகத் தடுத்துப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லக்கா, யாரும் போவல, வீடியோவுக்கு" என்றாள். எந்தக் காதில் அது ஏறும்? வட்டம் கூடிவிட்டது. ஒருத்தி அம்மாவை அழுதாள், ஒருத்தி வயிற்றிலேயே கலைந்த பிள்ளையை அழுதாள். நாலு வருஷமும் மூளைக் காய்ச்சலும் பாம்புக்கடியும் ஒன்றோடொன்று கலந்து சுவரில் மோதின. தனசிங் போனைத் தாழ்த்தவில்லை. போன் பிடித்த கை ஆடாமல் இருக்க இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கண்ணிலிருந்து நீர் இறங்கி மீசையில் நின்றது.

இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று ஹேமாவதிக்குத் தோன்றியது. அடுத்த கணமே, அந்த மூன்றாவது மாடியில் ஜெஃப்ரி இதை ஓட்டிப் பார்ப்பதும், எந்த நோய் யாருடையது என்று பின்னால் இழுத்து இழுத்துக் கேட்பதும் கண்ணில் வந்தது. செத்தவன் பேரிலே இன்னும் நாலு நோயை எழுதிக்கொள்வான். கதிரேசன் செத்த அன்றும் அவள் அழவில்லை, கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இப்போது அழுதால் போதும் என்றிருந்தது. அழுதால் அது யாருக்கு என்று எழுதுவார்களோ என்றும் இருந்தது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு காற்றுக்காக ஜன்னல் பக்கம் போனாள்.

மேடையில் கவிழ்த்து வைத்திருந்த போனின் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்து அடங்கியது. எடுத்துப் பார்த்தாள். சினேகா. அதற்கு மேலேயும் சினேகா, அதற்கு மேலேயும். கடைசி வகுப்பு இல்லை, முன்னாடி ரயிலில் வருகிறேன் என்று ஒரு செய்தி. ஏன் எடுக்கல என்று ஒன்று. அம்மா என்று மட்டும் ஒன்று.

அவள் தலையை நிமிர்த்தினாள். தெருமுனையில், டீக்கடைத் திருப்பத்தில், சினேகா நின்றிருந்தாள். தோளில் பை. காதில் இன்னும் போன். வீட்டு வாசலில் நிறைந்து கிடக்கும் செருப்புகளையும், கேட்டில் அடைத்துக்கொண்டு நிற்கும் முதுகுகளையும், சுவரில் இருந்த சிவப்பு எழுத்தையும் பார்த்தபடி அப்படியே நின்றாள். கங்கையம்மாளின் குரல் அவளிடம் போய்ச் சேர்ந்தது இங்கிருந்தே தெரிந்தது. தோளிலிருந்து பை நழுவி விழுந்தது.

"ஒண்ணும் இல்லடி!" என்று ஹேமாவதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "சினேகா, நான் இருக்கேன்டி!" பின்னால் அத்தனை பேரும் மாரில் அடித்துக்கொண்டு அழ, அவள் கத்தியதும் அந்த அழுகையோடு சேர்ந்து போயிற்று. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அவள் வாசலுக்கு வழி தேடினாள். அங்கே சினேகா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, ஒரு கால் செருப்பு தெருவிலேயே கிடக்க, வாயைத் திறந்தபடி வீட்டை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள்.